முட்டுக்கல்லுக்கு மஞ்சள்

கியரை மாற்றக் கையை நீட்டினேன். கை போய்ச் சேரவில்லை.

கியர் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. என் கைதான் யாருடைய கையோ போல மரத்துக் கிடந்தது. நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் ஆடியது. பொய்யில்லை, குனிந்து பார்த்தேன், ஆடியது. காது அடைத்துவிட்டது. பின்னால் பெண்கள் பேசிக்கொண்டு வந்தது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. இதோ, இந்த வளைவோடு செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன்.

திங்கள்கிழமை காலை. போடியிலிருந்து கிளம்பி, அடிவாரத்து முந்தல் தாண்டி, மலை எல்லையான மெட்டுக்கு ஏறுகிற பாதையில் பாதி தூரம் வந்திருந்தோம். ஜீப்பு நிறைய ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய் வாரம் முழுக்க அங்கேயே தங்கும் சிலமலை ஊர்ப் பெண்கள். ஆளுக்கொரு தூக்குச்சட்டி, ஆளுக்கொரு கம்பளி. கீழேயிருந்து மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், ஏறிக்கொண்டிருந்தது.

கை எப்படியோ கியரைப் பிடித்தது, கால் எப்படியோ மிதித்தது, வண்டி எப்படியோ திரும்பியது. மெட்டுக்குப் போய்ச் சேர்ந்து டீக்கடையில் தம்ளரை வாங்கினேன். பாதி டீ என் வேட்டியில் கொட்டியது. கடைக்காரர் மலையாளி, அவருக்குப் பனி என்றால் காய்ச்சல். "எந்தா வேலு, பனியா?" என்றார். "ஆமா, பனி" என்று சொல்லிவிட்டேன்.

அது ஐம்பதுகளின் நடுவில் எப்போதோ. மெட்டுக்கு அந்தப் பக்கத்துக்குக் கேரளம் என்று பேர் வைப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் தலையைச் சொறிவேன்.

ஒன்றுமே நடக்கவில்லை

நான் ஜீப்பு ஓட்டப் போன கதையை இந்தத் தொடரில் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, சின்னமனூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், "அந்த மலைப்பாதையில் உமக்குப் பயமே வந்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, வந்ததா என்றா கேட்கிறீர்! என்னை உலுக்கி எடுத்துவிட்டது. அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய சண்டை முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட ஜீப்பு அது. ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் போவதும் இடது பக்கம். மலையேறும்போது பள்ளம் இடது பக்கம் வந்தால் அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவன் டிரைவர்தான். கண்ணை ஓரமாகத் திருப்பினால் ரோடு தெரியாது, கீழே மரங்களின் தலை தெரியும்.

அப்படிப்பட்ட வளைவுகளிலே ஒன்று மட்டும் வலது பக்கம் சட்டென்று மடங்கும். எங்கள் பேச்சில் அதற்கு முடக்கு என்று பேர். இறங்கும்போது நான் மலைப் பக்கம் வந்துவிடுவேன், கவலை இல்லை. ஏறும்போதுதான் வினை, அதுவும் வாரத்துக்கு ஒரே ஏற்றம், திங்கள்கிழமை; சனிக்கிழமை காயோடு இறக்கம். ஆனால் அதே முடக்கில் நான் மூன்று நான்கு வருஷமாகப் பீடியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் வண்டி ஓட்டியவன்.

அதனால்தான் எனக்கு விளங்கவில்லை. வண்டி கவிழவில்லை. யானை குறுக்கே வரவில்லை. பிரேக் அறவில்லை. யாரும் சாகவில்லை. ஒன்றுமே நடக்காத ஒரு காலையில் ஒருவனுக்கு எப்படிக் கை மரத்துப்போகும்?

இப்போது இதற்கு இங்கிலீஷில் பேர் இருக்கிறது. பானிக் அட்டாக் என்று டாக்டர்கள் வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்தது படபடப்பு என்ற ஒரு சொல்தான். அதுவும் கல்யாணப் பெண்ணுக்கு வருவது, பரீட்சை எழுதுகிற பையனுக்கு வருவது. மீசை வைத்த டிரைவருக்கு வருவதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பாதிச் சவரம்

ஒருமுறை வந்துவிட்டுப் போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். அடுத்த திங்களும் அதே முடக்கில் வந்தது. அதற்கடுத்த திங்கள் முடக்குக்கு வெகு முன்னாலேயே வந்து காத்திருந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வெறும் பயம் இல்லை இது. பயம் வந்துவிடுமோ என்ற பயம். எந்த இடத்திலும் நிலையாக உட்கார முடியவில்லை.

சவரக் கடை நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டி, ஒரு கன்னத்தை வழித்து முடித்தார் சவரக்காரர். கத்தி மறு கன்னத்துக்கு வருகிற நேரத்தில் நெஞ்சு கிளம்பிவிட்டது. துணியோடு எழுந்து தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். "ஏண்ணே! ஏண்ணே! துணியக் குடுத்துட்டுப் போங்க!" என்று அவர் பின்னாலேயே வருகிறார். பாதிக் கன்னத்தில் சோப்பு. அந்தக் கோலத்தில் ஒருவன் போடி பஜாரில் நின்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

டூரிங் டாக்கீஸில் கூடாரத்தின் ஓரத்தில்தான் உட்காருவேன், கயிற்றுக்குப் பக்கத்தில், ஓடுவதற்குத் தோதாக. கோயில் கூட்டத்துக்குள் போவதை விட்டேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து வாசலுக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன்.

என் மனைவி பேச்சி என் தாய்மாமன் மகள். பிறந்ததிலிருந்து என்னைத் தெரியும். "என்ன மாமா, காலுல சக்கரமா கட்டிருக்கீங்க? உக்காந்து தின்னுங்க" என்றாள். அவளிடம் நான் சொல்லவில்லை. தோட்டத்துச் சூடு என்றேன், பித்தம் என்றேன், தூக்கம் இல்லை என்றேன்.

ஏன் சொல்லவில்லை? காரணம் எங்கள் முதலாளி.

மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டமும் போடியில் ஏலக்காய்க் கடையும் வைத்திருந்தவர். நெற்றி நிறைய விபூதி, நடுவே சந்தனம். நல்லவர்தான். ஆனால் டிரைவர் விஷயத்தில் ஈவு இரக்கம் கிடையாது. எனக்கு முன்னால் அந்த ஜீப்பை ஓட்டியவருக்குக் கை லேசாக நடுங்கும். மார்கழிக் குளிரில் யாருக்குத்தான் நடுங்காது? முதலாளி பார்த்துவிட்டார். சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார். அந்த மனிதர் அப்புறம் எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை. சந்தையில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கை நடுங்கியவருக்கே அந்தக் கதி. நெஞ்சு நடுங்குகிறவனுக்கு என்ன கதி? எனக்கு வேறு சோலி தெரியாது. வயலும் கிடையாது. வீட்டில் பேச்சி, கைக்குழந்தை, படுத்த படுக்கையாக என் தகப்பன். அந்த ஸ்டியரிங் போனால் நாங்கள் போனோம். இன்னொன்றும் இருந்தது. பின்னால் உட்கார்ந்து வருகிற அத்தனை பெண்களின் உயிரும் என் மரத்துப்போன கையில் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் கூடுதலாகப் படபடக்கும்.

ரோஸ் கலர் தண்ணீர்

இங்கிலீஷ் வைத்தியம்தான் முதலில் பார்த்தேன். போடியில் ஒரு டாக்டர், வயதானவர், மெதுவாகப் பேசுவார். வீட்டிலிருந்து பாட்டிலைக் கழுவி நாமே கொண்டு போக வேண்டும். கம்பவுண்டர் ரோஸ் கலரில் ஒரு தண்ணீரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டிப் பாட்டிலில் ஒட்டித் தருவார்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முதுகில் கேட்டார். கண்ணை இழுத்துப் பார்த்தார். "இருதயத்துல ஒரு கோளாறும் இல்ல. என்ன சோலி பாக்குற?" என்றார்.

டாக்டரும் முதலாளியும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறவர்கள். நான் என்ன செய்வேன்? "காய்க்கடையில மூட்டை தூக்குறேங்க" என்றேன்.

"அப்ப கொஞ்ச நாளு பாரம் தூக்காத. இந்த மருந்து தூக்கம் குடுக்கும். இது நரம்புல வர்ற பயம்பா. பயத்துல ஒருத்தனும் செத்ததில்ல. வர்றப்ப அதோட மல்லுக்கட்டாத. பக்கத்துல யாரு இருக்காகளோ அவுககிட்ட வாயைத் தொறந்து சொல்லிப்புடு. மறைக்க மறைக்கத்தான் ஏறும்."

இவ்வளவு அழகாகச் சொன்னார் மனிதர். நான் கம்பவுண்டர் ஊற்றிய தண்ணீரைத்தான் மருந்து என்று வாங்கிக்கொண்டு வந்தேன். டாக்டர் சொன்னதைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டேன். வாயைத் திறந்து சொல்வதாம்! சொன்னால் சாவி ஆணிக்குப் போய்விடும்.

மருந்து கேட்டது. படபடப்பு அடங்கியது. அதோடு நானும் அடங்கினேன். திங்கள் காலையில் ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகக் குடித்துவிட்டு ஏறினேன். முந்தலுக்கு இந்தப் பக்கமே கண் சொருகி ஒரு புளியமரத்தை உரசிவிட்டேன். நல்ல வேளை, மட்கார்டு மட்டும் நசுங்கியது. பெண்கள் அலறிய அலறலில் தூக்கம் போனது. பாட்டிலை அன்றைக்கே ஓடையில் வீசினேன்.

"மட்கார்டு என்னாச்சுப்பா?" என்றார் முதலாளி.

"மாடு குறுக்க வந்துருச்சு மொதலாளி."

"மாட்டுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டார். அதுதான் முதலாளி.

வாயுவும் உடுக்கையும்

அடுத்தது நாட்டு வைத்தியம். பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் ஒரு வைத்தியர் நாடியைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பிடித்தார். "வாயு மேல ஏறி நெஞ்சக் கவ்வுது" என்றார். ஒரு டப்பாவில் கறுப்பாக லேகியம். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, வெள்ளிதோறும் தலைக்கு எண்ணெய். வல்லாரை போட்ட அந்த எண்ணெய் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எண்ணெய் தேய்த்த அன்று நன்றாகத் தூங்கினேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கத்தரிக்காயை விட்ட பிறகும் திங்கள்கிழமை அந்த முடக்கில் வாயு வழக்கம்போல நெஞ்சைக் கவ்வியது.

இதற்கு நடுவில் ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். எல்லோருக்கும் தெரிந்த ஒரே மருந்து ஏலக்காய். "மாப்ளே, மயக்கமா? ரெண்டு ஏலக்காய மென்னு சாற முழுங்கு." தலைச்சுற்றா, ஏலக்காய். வாந்தியா, ஏலக்காய். நான் முதுகுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக ஏலக்காயை ஏற்றிக்கொண்டு வருகிறவன்! அந்த வாசனையிலேயே முங்கிக் கிடக்கிறவனுக்கு இரண்டு காய் என்ன செய்யும்?

பேச்சிக்கு நான் சொல்லாவிட்டாலும் ஏதோ பட்டுவிட்டது. பாதிச் சவரக் கதை அவள் காதுக்கு வராமல் இருக்குமா? "எதையோ பாத்துப் பயந்துருக்கீங்க" என்று சொல்லி, குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப் போனாள். உடுக்கையை அடித்து, தலையை ஆட்டி, "மலையில ஒரு திருப்பத்துல விழுந்து செத்தவ ஒருத்தி. இவன் வண்டிச் சக்கரத்தப் புடிச்சுத் தொங்குறா" என்றார். ஒரு சேவல், ஒரு தாயத்து.

கோடாங்கி செய்த வேலை என்ன தெரியுமா? அதுவரை என் பயத்துக்கு முகம் கிடையாது. அவர் ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டார். அடுத்த திங்கள் அந்த முடக்கில் ஈரத் தலைமுடியோடு ஒரு பெண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. சேவலும் போய், நிம்மதியும் போய், புதிதாக ஒருத்தியும் வந்து சேர்ந்தாள். தாயத்தைக் கழற்றிப் பேச்சிக்குத் தெரியாமல் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டேன்.

பள்ளிவாசல் வரிசை

பேச்சி விடவில்லை. சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசலுக்கு இழுத்துப் போனாள். அந்த வாசலில் எல்லா ஜாதிப் பெண்களும் அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி, பிள்ளை முகத்தில் ஊதுவார்கள்.

அந்த வரிசையில் கைப்பிள்ளைகளுக்கு நடுவே ஆறடிக்கு நான். பேச்சி என் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மானம் போகிறது. பெரியவர் ஒருவர் என்னிடம் வந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"பிள்ளை எங்கம்மா?" என்றார்.

"இவுகதாங்க" என்றாள் பேச்சி.

அவர் சிரிக்கவில்லை. "குனிங்க தம்பி" என்றார். குனிந்தேன். முகத்தில் மூன்று முறை ஊதினார். அத்தர் வாசனையோடு சில்லென்று இருந்தது. என்னவோ தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. நானும் ஒரு பிள்ளை, எனக்கும் ஒருவர் ஊதுகிறார் என்பது போதுமாக இருந்தது. அன்றைக்கும் நன்றாகத் தூங்கினேன். திங்கள்கிழமை வரைக்கும் அது தாங்கியது.

வாயைத் திறந்தேன்

இப்போது ராக்கம்மாளைச் சொல்ல வேண்டும். சிலமலைக்காரி, என் வயதுதான் இருக்கும், அடுத்தவரைக் கேலி செய்யாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஜீப்பில் அவளுக்கென்று ஒரு சோலி உண்டு. முட்டுக்கல்.

மேட்டில் வண்டி நின்றால் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. கடைசியில் உட்கார்ந்திருப்பவர் குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். வண்டி கிளம்பியதும் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும். இளநீர்க் காய் அளவில் கறுப்பு உருண்டைக் கல். சக்கரம் பட்டுப் பட்டு ஒரு பக்கம் ரப்பர்க் கறை ஏறியிருக்கும்.

அந்தத் திங்கள், முடக்குக்கு முன்னால் கால் பிரேக்கை மிதித்தது. நான் மிதிக்கச் சொல்லவில்லை. வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது. மஞ்சுக்குள் ஒரு சத்தம் கிடையாது. பின்னால் ராக்கம்மாள் பழக்க தோஷத்தில் குதித்துக் கல்லைக் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"என்னண்ணே, இன்ஜினுக்குத் தண்ணி ஊத்தணுமா?"

தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பொய் சொன்னவன் நான்! ஆனால் வாயில் பொய் வரவில்லை. டாக்டர் சொன்னதுதான் வந்தது.

"ராக்கம்மா, எனக்குப் பயமா இருக்கு. என்னால இந்த முடக்குல திருப்ப முடியாது. கை வரல."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். முடிந்தது என் பிழைப்பு என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் போடி முழுக்கத் தெரிந்துவிடும்.

ராக்கம்மாள் என்னைப் பார்த்தாள். முடக்கைப் பார்த்தாள். பின்னால் திரும்பி, "ஏ புள்ளைகளா, எல்லாம் எறங்குங்கடி. முடக்குத் தாண்டுற வரைக்கும் நடந்து போவம். அண்ணே வெறும் வண்டிய ஓட்டிட்டு வரட்டும்" என்றாள்.

ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. தூக்குச்சட்டியோடு பொத்துப் பொத்தென்று இறங்கினார்கள். எனக்கு முன்னால் ரோடு நிறைய நடந்தார்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வளவளவென்று பேசிக்கொண்டு. அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே முதல் கியரில் பின்னால் போனேன். பள்ளத்தைப் பார்க்கக் கண்ணுக்கு வேலை இல்லை. நெஞ்சு அடித்தது, ஆனால் கை என் கையாக இருந்தது. முடக்கு தாண்டியதும் ஏறிக்கொண்டார்கள்.

"மொதலாளிகிட்டச் சொல்லிராதீக ஆத்தா" என்றேன் பொதுவாக.

"என்னத்தச் சொல்ல? நாங்க என்னத்தப் பாத்தோம்?" என்றாள் ராக்கம்மாள்.

அதுவே வாரவாரம் வழக்கமாகிவிட்டது. முடக்குக்கு முன்னால் நிற்பேன், இறங்கி நடப்பார்கள், ஏறுவார்கள். எப்படியும் இங்கேதானே நிற்கப் போகிறோம், எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று ராக்கம்மாள் முட்டுக்கல்லை அங்கேயே ரோட்டோரம் உருட்டி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பயம் குறைந்தது. மறு கன்னத்தையும் சவரம் செய்யக் கொடுத்தேன்.

முதலாளி ஏறினார்

ஒரு சனிக்கிழமை தோட்டத்தில் சொன்னார்கள், திங்கள்கிழமை முதலாளி மேலே வருகிறார், பெண்களோடு ஜீப்பிலேயே வருவாராம்.

முதலாளி மலையேறுவது எப்போதாவதுதான். ஏறினால் வழி நெடுக இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்றே வருவார். கண்ணை மூடியிருந்தாலும் வண்டி நின்றால் தெரியாமல் போகுமா?

சனிக்கிழமை பெண்கள் முடக்குப் பக்கமாகப் போகும் குறுக்குப் பாதையில் நடந்தே இறங்கிவிடுவார்கள். நான் காய் லோடு கொண்டுவருவேன். கிளம்பும்போது ராக்கம்மாளிடம் சொன்னேன். "திங்கக்கெழம நிக்க முடியாது. மொதலாளி கூட வர்றாரு. நின்னா என் சாவி போச்சு. நிக்காட்டி என்ன ஆகும்னு எனக்கே தெரியல."

"நீங்க பேசாம வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தத் திங்கள் முதலாளி என் பக்கத்தில். "முருகா, முருகா." எனக்கு முந்தலிலேயே காது அடைத்துவிட்டது. நிற்பதா, போவதா? போனால் கை வராது. நின்றால் சாவி. முடக்கு வருகிறது, வருகிறது, மஞ்சு விலகுகிறது. ரோட்டோரம் மஞ்சளாக என்னவோ தெரிந்தது.

என் முட்டுக்கல். குளிரக் குளிர மஞ்சள் பூசி, நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம் வைத்து, மேலே ஒரு அரளிப் பூவோடு உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நிப்பாட்டுங்க! ஆத்தா எடம்!" என்று பின்னாலிருந்து ராக்கம்மாள் கூவினாள்.

நிறுத்தினேன். முதலாளி கண்ணைத் திறந்தார். "எந்த ஆத்தா?"

"என்ன மொதலாளி, இப்புடிக் கேட்டுப்புட்டீக! முடக்காத்தா. பொல்லாதவ. இந்த எடத்துல யாரும் வண்டியில உக்காந்து போகக் கூடாது. எறங்கி நடந்துதான் போகணும். இல்லாட்டி வண்டியப் புடிச்சு இழுத்துருவா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் எல்லாம் இறங்கி, கல்லைச் சுற்றி நின்று குலவை போட்டார்கள். மலை முழுக்க எதிரொலித்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அன்றைக்கு அந்த ஜீப்பிலிருந்து முதலாளி இறங்கிய வேகத்தை நான் மறக்க மாட்டேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெண்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் அவர் செருப்பை எடுத்து வண்டிக்குள் போட்டுக்கொண்டு பின்னால் ஓட்டிப் போனேன்.

முடக்கு தாண்டியதும் என்னிடம் வந்தார். முகம் வேர்த்திருந்தது. "ஏன்டா வேலு, இத்தன நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

எனக்கு உயிரே இல்லை. "என்னது மொதலாளி?"

"இங்க ஒரு ஆத்தா இருக்கான்னு!"

அத்தோடு விட்டாரா? அவருடைய மற்ற வண்டிகளுக்கும் உத்தரவு போட்டார். பஜாரில் எல்லோரிடமும் சொன்னார். கொஞ்ச நாளில் வேறு தோட்டத்து வண்டிகளும் நின்றன. யாரோ மணி கட்டினார்கள். யாரோ ஓலையில் பந்தல் போட்டார்கள்.

பேச்சியின் நேர்த்திக்கடன்

என் முகம் தெளிந்ததைப் பேச்சி பார்த்துவிட்டாள். டாக்டருக்குப் பேர் இல்லை, வைத்தியருக்குப் பேர் இல்லை, பள்ளிவாசல் பெரியவருக்கும் பேர் இல்லை. "எல்லாம் அந்த முடக்காத்தா புண்ணியம். நான் அவளுக்குப் பொங்க வைக்கிறதா நேந்துருக்கேன்" என்றாள்.

நான் என்ன சொல்ல முடியும்? அது நம் வண்டிக் கல் என்றா?

திங்கள்கிழமை பெண்களோடு அவளும் பானையும் அரிசியும் பிள்ளையுமாக ஏறினாள். முடக்கில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்தாள். என்னை விழுந்து கும்பிடச் சொன்னாள். விழுந்தேன். மூக்குக்கு நேரே மஞ்சளுக்கு அடியில் பழைய ரப்பர்க் கறை தெரிந்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன். கண்ணில் நீராக வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"பாத்தீகளா, ஆத்தா எறங்குறா" என்றாள் பேச்சி மற்ற பெண்களிடம்.

பொங்கல் சாப்பிடும்போது ராக்கம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னேன். "எனக்காக சாமியவே உண்டாக்கிப்புட்டியே ஆத்தா. இத நான் எப்புடி மறப்பேன்?"

அவள் கையை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கேலிக்குத்தான் வாயைத் திறந்தாள் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்காகவா? அட போங்கண்ணே. நாங்க பொட்டப்புள்ளையா இருந்த காலத்துலருந்து இந்த ரோட்டுல ஏறுறோம். இந்த முடக்கு வந்தா எல்லாரும் கண்ண மூடிக்குவோம். எனக்கு ஒண்ணுக்கே வந்துரும். எறங்கி நடக்குறோம்னு ஒங்களுக்கு முன்னால இருந்த டிரைவரு எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டோம். எவன் நிப்பாட்டுனான்? நீங்க ஒரு ஆளுதான் பயமா இருக்குன்னு சொன்னீக."

சொல்லிவிட்டு இன்னும் ஒரு கை பொங்கல் வாங்கப் போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முந்தலிலிருந்து முடக்கு வரைக்கும் என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் வளவளவென்று பேசிக்கொண்டு வருவார்களே, அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருந்தேன். முன்னால் உட்கார்ந்து "முருகா, முருகா" என்றவரையும் பக்திமான் என்றே நினைத்திருந்தேன். இத்தனை பேர் இருந்த வண்டியில் நான் ஒருவன்தான் நோயாளி என்று ஊர் ஊராக வைத்தியம் தேடி அலைந்திருக்கிறேன்.

அதற்கடுத்த திங்கள் முடக்கு வந்தபோது எனக்குப் படபடப்பு இல்லை. கை சரியாக இருந்தது, காது சரியாகக் கேட்டது. ஒரு கையால் திருப்பியிருப்பேன்.

வண்டியை நிறுத்தினேன்.